விசில் சாரின் நானூறு வார்த்தைகள்

சில பதவிகள் தகுதியைப் பார்த்துக் கிடைக்கும். சில, ஆள் சும்மா நிற்பதைப் பார்த்துக் கிடைக்கும். எட்டாம் வகுப்பின் ஆங்கில ஆசிரியை பிரசவ விடுப்பில் போன மறுநாள் மைதானத்தில் சும்மா நின்றவர் விளையாட்டு ஆசிரியர். பள்ளிக்கூடமே அவரை விசில் சார் என்றுதான் கூப்பிடும்.

“இலக்கணமெல்லாம் வேண்டாம் சார், வார்த்தை மட்டும் சொல்லிக் குடுங்க,” என்றார் தலைமை ஆசிரியை. “வருஷக் கடைசியில ஆய்வாளர் வருவாங்க. நானூறு வார்த்தை தெரிஞ்சிருக்கணும்.”

“மேடம், எனக்கே இங்கிலீஷ்...”

“உங்க வேலைய நிரந்தரமாக்குற ஃபைல் என் மேஜைலதான் இருக்கு.”

விசில் சார் சாக்பீஸை எடுத்துக்கொண்டார். பதினோரு வருடமாகத் தற்காலிகம். வீட்டில் மனைவி இடுப்பை நகர்த்த முடியாமல் மூன்று தலையணைக்கு நடுவே கிடந்தாள். அறுவைச் சிகிச்சைக்கு மருத்துவ அட்டை வேண்டும். அட்டையோ நிரந்தர ஊழியருக்குத்தான். ஆக, நானூறு வார்த்தைக்கும் ஒரு இடுப்பெலும்புக்கும் முடிச்சு விழுந்துவிட்டது.

விசில் சார் வாழ்நாளெல்லாம் நம்பியது அணியை. கோல் காப்பவன் ஓடிப்போய்க் கோல் போடுவதில்லை. அவரவர் இடத்தை அவரவர் காத்தால் அணி ஜெயிக்கும். வகுப்பில் நாற்பது பிள்ளைகள். ஆளுக்குப் பத்து வார்த்தை என்றால் கணக்கு அச்சு மாதிரி உட்கார்ந்தது. உயர வரிசையில் நிற்க வைத்து, விசில் ஊதி, அகராதியைப் பங்கு போட்டார். அடுத்தவன் வார்த்தையைத் தொடுவது ஃபவுல்.

மூன்றே மாதம். பந்தைத் தூக்கிப் போடுவார். பிடித்தவன் தன் பத்தையும் அர்த்தத்தோடு ஒப்பித்துவிட்டு அடுத்தவனுக்கு வீசுவான். ஒரு பீரியடுக்குள் நானூறும் தீர்ந்துவிடும், ஒரு தடுமாற்றம் கிடையாது.

“உங்க பிள்ளைங்க டிக்‌ஷனரியையே முழுங்கிட்டாங்க போலிருக்கே சார்,” என்றார் அறிவியல் டீச்சர்.

“ஆளுக்கு ஒரு வாய், டீச்சர்,” என்றார் இவர், அடக்கமாக. டீச்சர் அதைத் தன்னடக்கம் என்றே எடுத்துக்கொண்டார்.

ஆய்வாளர் அம்மா வந்தார். முதல் பெஞ்சுப் பையனை எழுப்பினார்.

“ஹார்வெஸ்ட்னா என்னப்பா?”

“அது என் வார்த்தை இல்ல மேடம்.”

“பின்ன யாரோடது?”

“குண்டனோடது மேடம். அவனுக்குக் காய்ச்சல்.”

அம்மா இன்னொரு பெண்ணை எழுப்பி வேறொரு வார்த்தை கேட்டார். அவள் பின்னால் திரும்பி ஒருத்தியைக் கண்டிப்போடு பார்த்தாள்: “ஏய், உன்னோடதுதான, சொல்லேன்டி.”

பரீட்சையில் ஒவ்வொருவரும் தனியாக உட்கார்வார்கள் என்பது, விசில் சாருக்கு வாழ்க்கையில் முதல் முறையாக, அந்த நிமிடம்தான் உறைத்தது.

“மேடம், வகுப்பா கேளுங்க. ஒரே ஒரு தடவை மொத்த வகுப்பா கேட்டுப் பாருங்க.”

“சரி, நீங்களே சொல்லுங்க சார். ஹார்வெஸ்ட்?”

“நான் எல்லாத்தையும் பிள்ளைங்களுக்குப் பாஸ் பண்ணிட்டேன் மேடம்.”

அம்மா சிரிக்கவில்லை. ‘சராசரி: மாணவருக்குப் பத்து வார்த்தை’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை விசில் சாருக்கு நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. ஆங்கிலக் கடிதம். தன் பெயரைத் தவிர அவருக்கு அதில் ஒன்றும் பிடிபடவில்லை. யாரிடம் கேட்பது? அறிவியல் டீச்சரிடம் கேட்டால் மானம் போகும். நேரே எட்டாம் வகுப்புக்குப் போனார். கடிதத்தைப் பார்த்து ஒரு வார்த்தையைக் கரும்பலகையில் எழுதினார்.

“இது யாரோடது?”

மூன்றாம் பெஞ்சுப் பெண் எழுந்தாள். “என்னோடது சார். டெர்மினேட். முடிவுக்குக் கொண்டுவருதல்.”

“சரி, உட்காரு. இது?”

“என்னோடது சார்,” என்றான் நெட்டையன். “இம்மீடியட்லி. உடனடியாக.”

பிள்ளைகள் யாரும் பிசகவில்லை. பயிற்சி அப்படி. ஒவ்வொரு கையும் உயர உயர, பலகையில் அவர் எழுதும் எழுத்து சின்னதாகிக்கொண்டே வந்தது.

கடைசி வரியின் ஒரு வார்த்தைக்கு மட்டும் யாரும் எழவில்லை. அது நானூறில் இல்லை. நூலகத்தில் அகராதி இருக்கிறது, பத்தடி தூரம்தான். அவர் போகவில்லை. அந்த ஒரு வார்த்தையிலாவது நல்லது ஏதாவது இருக்கலாம் என்று கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மனைவியிடம் அதையே முதலில் சொல்வதென்று முடிவு செய்து, வீட்டுக்கு நடந்தார்.