அத்தானின் சிப்பிப்பாறை

என் அக்கா வீட்டுக்காரர் சவூதியிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்ததும் செய்த முதல் காரியம், ஒரு சிப்பிப்பாறை நாய் வாங்கியது. வல்லத்திராக்கோட்டையில் கட்டிய புது வீட்டு வாசலில், காருக்குப் பக்கத்தில் ஏதோ குறைவது போல அவருக்குத் தோன்றியிருக்கும்.

சந்தன நிறம். உடம்போடு ஒட்டிய குட்டை முடி. விரல் வைத்தாலே தோல் தட்டுப்படும். அந்தத் தோலில் அத்தான் தினமும் தன் தலைக்குப் போடும் ஷாம்பூவைத் தேய்த்தார். அதற்குமேல் பவுடர், சென்ட். சாயங்காலம் சித்தன்னவாசல் பாறைக்குக் கூட்டிப்போய், கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் நின்று வீடியோ எடுப்பார். 'வீர மண்ணின் வேட்டை நாய்' என்று எழுதிப் போடுவார். அது ஓடி நான் பார்த்ததே இல்லை. சங்கிலியை அவர் விட்டால்தானே.

நானும் நாய் வளர்த்தவள். பொறுக்காமல் ஒரு முறை சொன்னேன்.

"தினம் குளிப்பாட்டாதீங்க அத்தான், தோலு காஞ்சுபோகும். காதுக்குள்ள உண்ணி இருக்கு, பாருங்க."

"போன்ல நான் பாக்காததா? ஒனக்கு என்ன தெரியும்?"

மழைக்காலம் முடிவதற்குள் முதுகில் வட்ட வட்டமாக முடி கொட்டியது. சிமெண்டுத் தரையில் படுத்துப் படுத்து முழங்கை காய்த்து வெடித்தது. அதோடு வீடியோ நின்றது. நாய் கொல்லைக்குப் போனது. அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு சோறு வைத்தாள்.

பொங்கலுக்குப் போனபோது அத்தான் சாவகாசமாகச் சொன்னார்: "மணமேல்குடியில ஒரு வேலை இருக்கு. அங்கிட்டுக் கடற்கரையில எறக்கி விட்டுட்டு வந்துர்றேன். மீனைக் கீனைத் தின்னு பொழச்சுக்கிரும்."

குப்பை கொட்டப் போகிறவர்கூட அக்கம்பக்கம் பார்ப்பார். இவருக்கு அந்தக் கூச்சமும் இல்லை.

"நான் கொண்டுபோறேன்" என்றேன்.

"ஒனக்கு எதுக்கு இந்தச் சனியன்?" என்று கேட்டுக்கொண்டே சங்கிலியை நீட்டினார்.

புதுக்கோட்டையில் என் வீட்டுக்குக் கொண்டுவந்து, டாக்டர் தந்த மருந்தைத் தடவினேன். இடுக்கியால் உண்ணிகளைப் பிடுங்கினேன். புண் ஆறியபின் ரப்பர் கையுறையால் முடி படிந்த திசையிலேயே தேய்த்துவிட்டேன். குளியல் எப்போதாவதுதான், மற்ற நாளில் ஈரத்துணி. படுக்கப் பழைய மெத்தை. வீடியோ எடுத்துப் போட்டால் ஒருவரும் பார்க்காத வேலைகள். சித்திரையில் அதன் முதுகு பளபளத்தது.

அப்போதுதான் அத்தானுக்குப் பாசம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றார்.

"எங்க வீட்டுப் பிள்ளையக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிப்போய் அவர் கையை நக்கியது. அவர்மேல் எனக்கிருந்த இளக்காரத்தில் ஒரு பங்கை அந்த நிமிஷம் நாய்க்கும் கொடுத்தேன்.

"காப்பி குடிச்சுட்டுக் கெளம்புங்க அத்தான். நாயை அனுப்ப மாட்டேன்."

"நான் வாங்குன நாயி அது."

"கடற்கரையில விட்டிருந்தா, அங்க போயிக் கேட்டிருப்பீங்களா?"

காப்பி குடிக்காமல் போனார். அக்கா கொஞ்ச நாள் என் போனை எடுக்கவில்லை. பிறகு எடுத்தாள். அத்தான் இப்போது சடைமுடி நாய் ஒன்று வாங்கப் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். என்ன இனம் என்று நான் கேட்கவில்லை.