தேன்குரல்காரியின் ஹெட்ஃபோன்

ஆபீசில் அவளுக்குப் பெயரே தேன்குரல். ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கிற கம்பெனிக்கு வரும் புகார்களைப் போனில் கேட்பது அவள் வேலை. கொதித்துக்கொண்டு கூப்பிடுகிற ஆள்கூட, "வணக்கம், சொல்லுங்க சார்" என்று அவள் ஆரம்பித்ததுமே பெட்டிப் பாம்பாக அடங்கிவிடுவான். 'சிரிச்சுக்கிட்டே பேசு, சிரிப்பு போன்ல கேக்கும்' என்பது அங்கே முதல் நாள் பாடம். மற்றவர்கள் ஒப்புக்குச் சிரிப்பார்கள். அவள் முகம் முழுக்கச் சிரித்துப் பேசுவாள்.

மகள் பிறந்த பிறகு அந்த வாய்க்கு என்ன ஆனதோ! பால் கொடுப்பதில் குறையில்லை, குளிப்பாட்டுவதில் குறையில்லை. ஆனால் குழந்தையின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசலாம் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். காரணமே இல்லாமல் நெஞ்சு படபடக்கும். தூங்குகிற குழந்தையின் மூக்கில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். கையை எடுத்த நொடியே மறுபடி சந்தேகம் வரும். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். யாரிடம் சொல்வது? வந்தவர்கள் எல்லாம் வாழ்த்திவிட்டுப் போன வீட்டில், என் குழந்தையைப் பார்த்தால் எனக்கு எதுவுமே தோன்றவில்லை என்று எந்த வாயால் சொல்வது? நானெல்லாம் ஒரு தாயா என்று தன்னையே காறித் துப்பிக்கொண்டாள். அது ஒரு நோய் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. எந்தப் புகாருக்கு என்ன பதில் என்று கம்பெனியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள், இதற்கு எழுதவில்லை.

விடுப்பு முடிந்து, வீட்டிலிருந்தே அரைநாள் வேலை. படுக்கையறை மூலையில் மேஜை. ஹெட்ஃபோனை மாட்டினால் பழைய குரலும் சிரிப்பும் தானாக வந்துவிடும். பழக்கம்தான், மனசு அதில் இல்லை. கழற்றினால் மறுபடி வாய்ப்பூட்டு. கணவன் வேன் ஓட்டுநர்; குழந்தை விழிக்கும் முன்பே போய், தூங்கிய பிறகு வருகிறவன். பாயில் கிடந்த குழந்தை அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தது. அது என்ன பார்க்கிறது என்று அவள் பார்க்கவில்லை.

கணவனையும் கூட்டிக்கொண்டு தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸ் குழந்தையைக் கன்னம் தட்டிக் கொஞ்சினாள். சிரிக்கவில்லை, ஒரு மழலைகூட வரவில்லை. கிலுகிலுப்பையை ஆட்டியபோது மட்டும் சட்டென்று திரும்பியது.

"காது நல்லா கேக்குது. ஏம்மா, வீட்ல இவகிட்ட பேசுவீங்களா? அம்மா முகத்தைப் பாத்து, அம்மா பேசறதைக் கேட்டுத்தான் இதுங்களுக்குப் பேச்சே வரும்."

"பேசிட்டேதான் இருப்பேன் சிஸ்டர்" என்றாள், வாய் கூசாமல்.

"இவ சம்பாதிக்கிறதே வாயாலதான் சிஸ்டர்!" என்று கணவன் பெருமையாக ஒத்து ஊதினான். நர்ஸும் சிரித்தாள். தரை பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது அவளுக்கு.

மறுநாள் இருவருக்கும் விடுமுறை. தவழ்ந்துபோன குழந்தை, மேஜையிலிருந்து தொங்கிய வயரைப் பிடித்து இழுத்தது. ஹெட்ஃபோன் பாயில் விழுந்தது. கடித்து வைக்கப்போகிறது என்று அவள் எழப்போனாள். கடிக்கவில்லை. தரதரவென்று இழுத்து வந்து அவள் மடியில் போட்டது. போட்டுவிட்டு, அவள் வாயையே பார்த்தபடி உட்கார்ந்தது.

"பாரேன், லீவு நாள்லகூட உன்னை வேலைக்கு அனுப்புறா உன் பொண்ணு!" கணவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. இதை மாட்டினால்தான் அம்மா முகம் மலரும், அம்மா பேசுவாள் என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறது அந்தப் பிஞ்சு. எவனோ ஒருவன் வீட்டு ஃப்ரிட்ஜ் ஒழுகியதற்கு அள்ளிக் கொட்டிய சிரிப்பை, பெற்ற பிள்ளை இப்படி வயரைப் பிடித்து இழுத்து வந்து கேட்க வேண்டியிருக்கிறது. வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். "வணக்கம், சொல்லுங்க மேடம்." குழந்தை கையையும் காலையும் உதறிச் சிரித்தது. "ங்கா" என்றது. ஹெட்ஃபோனைக் கழற்றினாள். அவள் வாய் மூடிக்கொண்டது. குழந்தையின் சிரிப்பும் நின்றுபோனது.

கணவன் முகம் மாறியது. "என்னாச்சு?"

"நேத்து நர்ஸ்கிட்ட பொய் சொன்னேங்க. நான் இவகிட்ட பேசறதே இல்ல. எனக்குப் பேச வரலைங்க."

"நான் எங்க வீட்ல இருந்தேன், இதையெல்லாம் பாக்க" என்று முனகிவிட்டு, தடுப்பூசி அட்டையில் இருந்த நர்ஸின் எண்ணைப் போட்டுப் போனை அவளிடம் நீட்டினான்.

"சொல்லுங்க, என்ன உதவி வேணும்?" என்றது எதிர்முனை. காலமெல்லாம் அவள் கேட்ட கேள்வி; பதில் சொல்லித்தான் பழக்கமில்லை. அம்மா காதில் போனைப் பார்த்ததும் குழந்தை அவள் முழங்காலைப் பிடித்து எழுந்து ஆவலாக நின்றது.

"சிஸ்டர்... குழந்தைக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் உடம்பு சரியில்ல. பயமா இருக்கு. வெளிய சொல்லவே அவமானமா இருக்கு."

தேன் ஒரு சொட்டும் இல்லாத, அழுது கரகரத்த குரல். அந்தக் குரலைக் குழந்தை அதற்குமுன் கேட்டதில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டுவிடுமோ என்று அவள் பயந்தாள். திருப்பவில்லை. கையை நீட்டி அவள் உதட்டைத் தொட்டது; அவள் பேசி முடிக்கும்வரை எடுக்கவே இல்லை.