அண்ணன் மகளின் ஸ்வீடிஷ் பாட்டும் அதை வாங்கியவர்களும்

என் அண்ணன் மகள் ஸ்வீடிஷ் மொழியில் பாடுகிறாள். நான் இருக்கும் வெஸ்ட் வின்ட்சரில் யாரிடமாவது இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். பிறகு, பிள்ளை பாட்டு கற்றுக்கொள்ளவில்லையா என்று கேட்பார்கள். கற்றுக்கொண்டுதான் பாடுகிறாள் என்று சொன்னால், இல்லை, நம்முடைய பாட்டு என்பார்கள். அவளுக்கு அதுதான் தன்னுடைய பாட்டு. ஸ்டாக்ஹோமுக்கு வெளியே ஓர் ஊரில் பிறந்தாள், அங்கேயே படித்தாள். கனவுகூட ஸ்வீடிஷில்தான் வருகிறதாம்.

அண்ணாவும் நானும் யாழ்ப்பாணத்திலிருந்து சில மாத இடைவெளியில் புறப்பட்டவர்கள். அவர் ஸ்வீடனில் அகதியாக இறங்கினார். நான் கல்யாணமாகி நியூ ஜெர்சிக்கு வந்தேன். ஸ்வீடனில் அவர் நெடுங்காலம் நகரப் பேருந்து ஓட்டினார். முதுகு ஒத்துழைக்காமல் போனதும் அதை விட்டுவிட்டு ஒரு சின்ன மளிகைக் கடை திறந்தார். கறிவேப்பிலை, அரிசிமா, உறைந்த மீன், சாமிப்படம் எல்லாம் அங்கே கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் தொலைபேசியில் பேசுவோம். பேச்சில் பாதி கடையைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

மகள் பாடுவதை அண்ணா ஒருநாளும் தடுக்கவில்லை. ஆனால் அதை அவர் ஒரு பொழுதுபோக்கு என்றே எண்ணியிருந்தார். ஒருநாள் கடையில் பால் வாங்க வந்த ஒரு ஸ்வீடிஷ் கிழவர் வானொலியைக் கொஞ்சம் சத்தமாக வைக்கச் சொன்னாராம். அண்ணா வைத்தார். புதுப்பாட்டு, அவர் முன்பு கேட்டிராதது. நடுவில் ஒரு சொல்லை அந்தக் குரல் இழுத்த விதம் அண்ணியினுடையது போலவே இருந்ததாம். அண்ணி ஸ்வீடிஷ் பேசும்போது அந்த ஒரு சொல்லை மட்டும் எப்போதும் தமிழ்போல் இழுப்பார். அப்போதுதான் பாடுவது தன் மகள் என்று அவருக்கு விளங்கியது. கிழவருக்குப் பாலைப் பையில் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

அதன்பிறகு அந்தப் பாட்டு அங்கே பெரிதாக ஓடியது. ஓட ஓட, அண்ணாவுக்கு ஒரு குழப்பம் வந்துவிட்டது.

“எல்லாரும் கேக்கினமாம்,” என்றார் ஒரு ஞாயிறு. “கேக்கிறது சரி. ஆர் வாங்கினம்? என்ர கடைக்கும்தான் நிறையப் பேர் வந்து பலகாரத்தை ருசி பாத்திட்டுப் போகினம்.”

அவருக்கு ஃபோனில் பாட்டுக் கேட்பது ருசி பார்ப்பது மாதிரி. வாங்குவது என்றால் ஒரு மனிதர் கையில் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். மகளின் எதிர்காலத்தை நினைத்த கவலை அது என்று எனக்குத் தெரியும். மகளிடம் அதைக் கேட்டால் வேறு மாதிரி விழும் என்பதால் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

சரி, பார்ப்போம் என்று ஒரு சனிக்கிழமை பக்கத்து ஊரிலிருந்த இசைத்தட்டுக் கடைக்கு டிரைவ் பண்ணிப் போனேன். நான் மருத்துவமனையில் மூச்சுப் பயிற்சிப் பிரிவில் வேலை செய்பவள். அப்படி ஒரு கடைக்குள் முன்பின் கால் வைத்ததில்லை. பச்சை நிறத்தில் தலைமுடி வைத்திருந்த ஒரு பெண் கல்லாவில் இருந்தாள். தயங்கித் தயங்கி, ஸ்வீடிஷ் பாட்டு ஏதும் இருக்குமா என்று கேட்டேன். அவள் எழுந்து வந்து, தனி அட்டை வைத்துப் பிரித்திருந்த ஒரு வரிசையைக் காட்டினாள். ஸ்வீடனிலிருந்து வருவது நன்றாகப் போகிறது என்றாள். அமெரிக்க வானொலியில் ஓடும் ஆங்கிலப் பாட்டுகள் பலவற்றை எழுதுவதே ஸ்வீடன்காரர்கள்தான், அப்படிப் பார்த்தால் கடையில் பாதி ஸ்வீடிஷ்தான் என்று சிரித்தாள்.

அண்ணன் மகளின் பெயரைச் சொன்னேன். ஒரே ஒரு தட்டு வந்தது, அது போன வாரமே போய்விட்டது என்றாள். வாங்கியது யார் என்று கேட்டேன். சைக்கிள் தொப்பியோடு வந்த யாரோ என்பதுதான் அவளுக்கு நினைவிருந்தது. யாரோ ஒருவர் சைக்கிளில் வந்து எங்கள் பிள்ளையின் பாட்டை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். கார் நிறுத்துமிடத்தில் சற்று நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

அவள் சொன்ன இன்னொன்றையும் அண்ணாவிடம் சொன்னேன். இப்போது இசைத்தட்டு வாங்குபவர்களில் பலர் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள். அவர்களிடம் அதைப் போட்டுக் கேட்கும் கருவி கிடையாது. பாட்டை ஃபோனில் கேட்டுவிட்டுத் தட்டைச் சுவரில் மாட்டி வைக்கிறார்களாம்.

“அப்ப சாமிப்படம் மாதிரி,” என்றார் அண்ணா. “அது விளங்குது.”

அடுத்த வசந்தத்தில் அண்ணன் மகள் அமெரிக்காவில் பாட வந்தாள். நியூ ஜெர்சி, டெக்சஸ், கலிஃபோர்னியா என்று மூன்று இடங்கள். எல்லாம் சின்ன அரங்குகள். டிரம்ஸ் வாசிப்பவனும் கீபோர்ட் வாசிப்பவனும் கூட வந்தார்கள். இரண்டு பேரும் எங்கள் வீட்டு வாசல் நிலையில் தலை இடிக்காமல் இருக்கக் குனிந்து வந்தார்கள். புட்டும் சம்பலும் வைத்தேன். கண்ணில் தண்ணீர் வர வரச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கேட்டார்கள்.

நிகழ்ச்சி வாசலில் மேசை போட்டு இசைத்தட்டுகளை விற்க வரவேண்டியவளுக்குக் காதில் தொற்று, விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பெட்டிகள் வந்துவிட்டன, விற்க ஆளில்லை.

“மாமி, ஒரு சின்ன உதவி. நீங்கள் சும்மா மேசைக்குப் பின்னால நிண்டாக் காணும்,” என்றாள் அண்ணன் மகள்.

நான் வாழ்க்கையில் ஒரு பொருளையும் விற்றதில்லை. எங்கள் வீட்டுக்காரர் உற்சாகமாகிவிட்டார். கார்டு தேய்க்கும் கருவியை ஃபோனோடு இணைத்து, சாப்பாட்டு மேசையில் வைத்து, எனக்கு வாடிக்கையாளராக நடித்துப் பழக்கினார்.

நிகழ்ச்சி ஞாயிறு மதியம். ஒரு பழைய தேவாலயத்தைப் பாட்டு மண்டபமாக்கியிருந்தார்கள். கதவுக்குப் பக்கத்தில் என் மேசை. இசைத்தட்டுகள், கசட்டுகள், டீ-ஷர்ட்கள், துணிப்பைகள். இந்தக் காலத்தில் கசட்டை யார் வாங்கப்போகிறார்கள் என்று அவற்றை ஓரமாக ஒதுக்கி வைத்தேன். டீ-ஷர்ட்களை வீட்டு அலமாரியில் வைப்பதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து அடுக்கினேன்.

ஆட்கள் வர வர எனக்கு வியப்பாக இருந்தது. ஸ்வீடன்காரர்கள் சிலர் வருவார்கள் என்று நினைத்திருந்தேன். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரு சொல் ஸ்வீடிஷ் தெரியாது. பள்ளிக்கூடப் பெண்கள் நான்கைந்து பேர் கும்பலாக வந்து துணிப்பைகளைத் தோளில் மாட்டிப் பார்த்தார்கள். எடிசன் ஊரிலிருந்து வந்திருந்த ஒரு சென்னைக் குடும்பம் மேசை முன் நின்று என்னையும் சுவரொட்டியிலிருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. அந்த அம்மா, “ஆன்ட்டி, நீங்க தமிழா? பாடுற பொண்ணும் நம்ம பொண்ணா?” என்று கேட்டார். ஆமாம் என்றதும் தன் மகளைப் பார்த்து, “இத ஏன்டி நீ என்கிட்ட சொல்லவே இல்ல?” என்றார். அந்தப் பெண் ஆங்கிலத்தில், இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன் என்றாள்.

இடைவேளையில் ஒரு பெண் வந்தார். என் வயது இருக்கும். டயாலிசிஸ் மையத்தில் வேலை, ஷிஃப்ட் முடிந்து நேராக வந்ததால் வேலைக்குரிய நீல உடுப்பிலேயே இருந்தார். தினமும் காலையில் நோயாளிகளைக் கருவியோடு இணைக்கும்போது அண்ணன் மகளின் அந்த வானொலிப் பாட்டைத்தான் போடுவாராம். சில நோயாளிகள் தாங்களாகவே அதைப் போடச் சொல்லிக் கேட்பார்களாம். இசைத்தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். இவ்வளவு நாளாகக் கேட்கிறேன், ஒரு வரி தெரியாது என்றார்.

எனக்கும் தெரியாது. அதை நான் அதுவரை யோசித்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அண்ணாவுக்கு வீடியோ அழைப்புப் போட்டேன். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். கையில் கறி ஒட்டியபடி திரைக்கு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். நீங்கள் தமிழில் சொல்லுங்கோ, நான் இவருக்கு ஆங்கிலத்தில் சொல்கிறேன் என்றேன்.

அண்ணா எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தார். பிறகு மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். பனிக்காலம். ஒரு பேருந்து. ஓட்டுநருக்குப் பின்னாலுள்ள முதல் இருக்கையில் ஒரு சின்னப்பிள்ளை மடியில் புத்தகப்பையோடு இருக்கிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்கள் பனி உதிரச் சப்பாத்தைத் தட்டித் தட்டி ஏறுகிறார்கள். ஓட்டுநர் கண்ணாடியில் பிள்ளையைப் பார்க்கிறார். பிள்ளையும் பார்க்கிறது.

“‘இந்த ஊர்த் தெருவெல்லாம் அவருக்குத் தெரியும்’ எண்டு பாடுறாள்,” என்றார் அண்ணா. “‘ஊருக்குத்தான் அவரைத் தெரியாது’ எண்டு.”

அவ்வளவையும் நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண் இசைத்தட்டை மார்போடு சேர்த்துப் பிடித்தபடி, இத்தனை நாளும் இதைக் காதல் பாட்டு என்று நினைத்திருந்தேன் என்றார். பிறகு என் ஃபோனை நோக்கிக் குனிந்து, மொழிபெயர்த்ததற்கு நன்றி சொன்னார்.

அண்ணா தன் ஆங்கிலத்தைத் தேடிப் பிடித்து, “தேங்க் யூ ஃபார் பையிங். ஐ ஆம் த டிரைவர்,” என்றார்.

அந்தப் பெண் முதலில் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். உடனே திரும்பித் தன்னோடு வந்த தோழியைக் கூப்பிட்டு, இங்கே வா, பாட்டிலுள்ள ஆள் இவர்தான் என்று காட்டினார். தோழி இன்னொருவரைக் கூப்பிட்டார். ஐந்தாறு பேர் என் ஃபோனைச் சுற்றி நின்று அண்ணாவுக்குக் கை காட்டினார்கள். அண்ணாவும் இரண்டு கையாலும் காட்டினார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். வாங்குகிறவர்கள் யார் என்று அதன்பிறகு அவர் என்னிடம் கேட்டதில்லை.

கூட்டம் விலகியதும் ஃபோனை மேசைப்பக்கம் திருப்பச் சொன்னார். திருப்பினேன்.

“என்ன தங்கச்சி இது? கசட்டை ஏன் ஒளிச்சு வச்சிருக்கிறாய்? சின்னச் சாமானை முன்னுக்கு வை. டீ-ஷர்ட்டில ஒண்டை விரிச்சுத் தொங்கவிடு. மடிச்சு வச்சா அதில என்ன இருக்கெண்டு ஆருக்குத் தெரியும்?”

அவர் சொன்னபடியே மாற்றி வைத்தேன். கண் முன்னால் வித்தியாசம் தெரிந்தது. நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தவர்கள் கசட்டைத்தான் முதலில் எடுத்தார்கள். போட்டுக் கேட்கக் கருவி இருக்கிறதா என்று ஒரு பையனிடம் கேட்டேன். இல்லை, ஆனால் சட்டைப்பைக்குள் அழகாகப் போகிறது பாருங்கள் என்று வைத்துக் காட்டினான்.

பெட்டிகளைக் காரில் ஏற்றும்போது வெயில் இன்னும் இருந்தது. அண்ணன் மகளிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் கையிலிருந்த பெட்டியைத் தரையில் வைத்தாள்.

“அப்பா அந்தப் பாட்டைப் பற்றி ஒருநாளும் கதைச்சதில்லை, மாமி. தன்னைப் பற்றி நான் ஊருக்குச் சொல்லிட்டன் எண்டு கோவமாக்கும் எண்டு நினைச்சன்.”

“கோவமில்லை. அவருக்குச் சொல்லத் தெரியேல்லை,” என்றேன்.

அவள் ஃபோனை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் பின்னாலிருந்த மரத்தடிக்குப் போனாள். நாங்கள் பெட்டிகளை ஏற்றி முடித்து, கார்க் கதவுகளைத் திறந்து வைத்துக் காத்திருந்தோம். டிரம்ஸ் பையன் என்னிடம் ஏதும் பிரச்சினையா என்று கேட்டான். இல்லை, அப்பாவோடு பேசுகிறாள் என்றேன். அவன் தலையாட்டிவிட்டு, மீதமிருந்த புட்டை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டான்.

டெக்சஸ் நிகழ்ச்சிக்கு அங்கேயே ஓர் ஆளை ஏற்பாடு செய்துகொண்டார்கள். மேசையை எப்படி அடுக்க வேண்டும் என்று அண்ணா அந்த ஆளுக்கு ஃபோனில் ஸ்வீடிஷும் ஆங்கிலமும் கலந்து வகுப்பு எடுத்ததாகக் கேள்விப்பட்டேன். அது முடிந்த கையோடு என்னைக் கூப்பிட்டார். கடையை அண்ணி பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார், கலிஃபோர்னியாவுக்கு டிக்கெட் போட்டாயிற்று, நீயும் வா என்றார். பேருந்து ஓட்டிய காலத்தில் ஊரைவிட்டு ஒரு நாள்கூட நகராத மனிதர் அவர். நான் வேலையில் லீவ் அப்ளை பண்ணினேன்.

சான் ஹோசே விமான நிலையத்தில் அவரைப் பார்த்தபோது முதலில் அடையாளம் தெரியவில்லை. திரையில் முகத்தை மட்டும் பார்த்துப் பழகியதால் அவர் எவ்வளவு குள்ளமாகிவிட்டார் என்பது தெரிந்திருக்கவில்லை. நான் இவ்வளவு நரைத்துப்போனது அவருக்குத் திரையில் தெரியவில்லையாம். இரண்டு பேரும் சிரித்தோம். பக்கத்து ஊரான மில்பிடாஸில் அறை எடுத்துத் தங்கினோம். காலையில் அங்கே ஒரு கடையில் தோசை சாப்பிட்டுவிட்டு, மதியம் மண்டபத்துக்குப் போய் மேசை போட்டோம். அண்ணா இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திருந்தார். வந்த எல்லோரிடமும் ஒரு வார்த்தையாவது பேசினார். அந்தப் பாட்டு தொடங்கியபோது மேசையை என்னிடம் விட்டுவிட்டு உள்ளே போய்ப் பின்வரிசையில் நின்றார். முடிந்தபிறகுதான் திரும்பி வந்தார். அவர் முகத்தை நான் அதிகம் பார்க்கவில்லை.

மறுநாள் பிள்ளைக்குத் தொண்டை கட்டிவிட்டது. என் வேலைக்குரிய அதிகாரத்தைப் பயன்படுத்தி, ஒரு சொல்லும் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டேன். மூன்று பேரும் காரை வாடகைக்கு எடுத்து மலைப்பாதை வழியாகச் சாண்டா குரூஸ் கடற்கரைக்குப் போனோம். மழை பெய்து ஓய்ந்து மலையெல்லாம் பச்சையாக இருந்தது. கடலைப் பார்த்தபடி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். அண்ணா நடுவில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார். அந்தப் பேருந்து எண், அந்த வழித்தடம், ஏழு வயதில் அவள் முதல் இருக்கையில் தூங்கி விழுந்தது, பயணிகள் அவளுக்கு இனிப்புக் கொடுத்தது. இத்தனை வருடம் பேசாததையெல்லாம் ஒரே மூச்சில் பேசுகிறார் என்று தோன்றியது. அவள் உருளைக்கிழங்கு வறுவல் பையை அவர் பக்கம் நீட்டிக்கொண்டே இருந்தாள்.

ஓரிடத்தில் அவள் ஃபோனை எடுத்து, ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி எனக்குக் காட்டினாள். அப்பாவை நிப்பாட்ட வேண்டாம் மாமி, நான் எல்லாத்தையும் ரெக்கார்ட் பண்ணுறன் என்று எழுதியிருந்தது. அடுத்த இசைத்தட்டுக்குத் தேவைப்படுமாம். நான் அண்ணாவிடம் திரும்பி, பிறகு என்ன நடந்தது என்று கேட்டேன்.