ஐப்பசியில் அடைத்த பொட்டு

கொக்குவிலில் எங்கள் தெரு முடக்கில் இருந்த வாசிகசாலையின் வெளிச்சுவரில் ஒரு கரும்பலகை மாட்டியிருந்தது. ஊர்ச் செய்திகளை அதில் எழுதுகிற பொறுப்பு ஒரு காலம் என்னிடம் இருந்தது. ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த எனக்கு அந்தப் பதவி கிடைக்க ஒரே காரணம் என் கையெழுத்து. வாசிகசாலையின் செயலாளராக இருந்த இளம் ஆசிரியரை எல்லோரும் மாஸ்ரர் என்றே அழைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் சொல்லச் சொல்ல நான் நீள மரவாங்கில் ஏறி நின்று எழுதுவேன்.

"உருண்டையா எழுது தம்பி. வயசுபோனதுகள் சைக்கிளை விட்டு இறங்காமல் வாசிக்க வேணும்," என்பார்.

இன்னார் மகள் பல்கலைக்கழகம் புகுகிறாள், இன்னார் மகனுக்குத் தபால் திணைக்களத்தில் நியமனம், இன்னார் வீட்டு வெள்ளாடு கயிற்றோடு காணாமற்போய்விட்டது, கண்டவர்கள் அறியத் தரவும். எல்லா வீடுகளும் எப்போதாவது அந்தப் பலகையில் ஏறின. எங்கள் வீடு மட்டும் ஏறவில்லை. எங்கள் வீட்டில் யாரும் கப்பல் ஏறவில்லை, பரீட்சையில் பேர் எடுக்கவில்லை, ஒரு ஆடுகூடத் தொலையவில்லை. அரசாங்க அதிபரின் அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்த ஐயா காலையில் சைக்கிளில் போய் மாலையில் சைக்கிளில் வருவதை எந்த ஊரும் செய்தியாக எழுதாது. பிறர் பெயர்களை உருண்டையாக எழுதி எழுதி எனக்குள் ஒரு ஏக்கம் வளர்ந்திருந்தது.

புரட்டாதி முடிந்து காற்று மாறத் தொடங்கினால் பலகையின் குரலும் மாறிவிடும். செய்திகள் குறையும், புத்திமதிகள் கூடும். மாரி வெள்ளம் கிணற்றுக்குள் இறங்காதபடி கட்டைச் சுற்றி மண் அணையுங்கள். கூரையில் வேய்ந்த தென்னோலைக் கிடுகில் கறையான் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். தெரு வாய்க்காலில் குப்பை கொட்டாதீர்கள், வெள்ளம் உங்கள் வளவுக்குத்தான் திரும்பி வரும். விறகை இப்போதே உள்ளே எடுங்கள். முதல் மழை விழுந்ததும் வேலிக்குத் துளிர்க்கும் கம்புகளாகக் கதியால் ஊன்றலாம். இவற்றையெல்லாம் ஊரார் என்னைவிட நன்றாக அறிவார்கள். ஆனாலும் சைக்கிளை நிறுத்தி வாசித்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

அந்த வருடம் மாஸ்ரர் புதிதாக ஒன்றைச் சொன்னார். வாசிகசாலைக்காரர் வீதி வீதியாக வந்து வேலிகளைப் பார்ப்பார்கள். மாரிக்கு முன் சிறப்பாக வேலி அடைத்த வளவு எதுவோ, அந்த வீட்டுக்காரரின் பெயர் பலகையில் எழுதப்படும். அதை எழுதும்போது என் கையில் சோக்கட்டி உடைந்தது.

எங்கள் வேலியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, ஓர் இடத்தைத் தவிர. குசினிக்குப் பின்னால், விறகு அடுக்கியிருந்த மூலைக்கு அருகில், இரண்டு கிளுவைக் கதியால்களுக்கு நடுவில் கிடுகு விலகி ஒரு ஓட்டை இருந்தது. வேலியில் விழும் அத்தகைய ஓட்டையை நாங்கள் பொட்டு என்போம். ஒரு சட்டி போகும், என்னைப் போன்ற மெலிந்த பையன் சரிந்து நுழையலாம்.

அந்தப் பக்கத்து வீடு சின்னம்மாவுடையது. அம்மாவும் அவருடைய ஒரே தங்கையும் சீதனமாகக் கிடைத்த அடுத்தடுத்த வளவுகளில் குடியிருந்தவர்கள். ஆனால் ஐயாவுக்கும் சித்தப்பாவுக்கும் பேச்சு இல்லை. எங்கள் புதிய வீட்டின் குடிபூரலுக்கு ஐயா நேரில் போய்ச் சொல்லாமல் ஆள் மூலம் சொல்லி அனுப்பினாராம். சித்தப்பா வரவில்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளையின் காதுகுத்துக்கு அவர் பதிலுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். நாங்கள் போகவில்லை. அதன்பின் இருவரும் ஒரே நேரத்தில் சைக்கிளை வெளியே எடுக்க நேர்ந்தால் ஒருவர் காற்றுப் போதுமா என்று குனிந்து சில்லைப் பார்ப்பார், மற்றவர் போய்விடுவார். படித்த மனிதர்கள், அதனால் சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கவில்லை.

ஐயாவும் சித்தப்பாவும் வேலைக்குப் போன பிறகு அம்மாவும் சின்னம்மாவும் பொட்டடிக்கு வருவார்கள்.

"எடியேய், நேற்றைய சொதியிலை உப்பில்லை."

"சட்டியை வழிச்சுத் துடைச்சல்லோ அனுப்பினனீங்கள்! அத்தானுக்கு ஆர் வைச்சதெண்டு சொன்னனீங்களோ?"

"விசரே எனக்கு? சொன்னால் அந்தாளுக்குத் தொண்டையாலை இறங்குமே? நான் வைச்சதெண்டுதான் போட்டனான். இப்பதான் உனக்குச் சமையல் பிடிபட்டிருக்கு எண்டார்."

"அப்ப இவ்வளவு காலமும் பாவம், பட்டினியே கிடந்தவர்?"

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அம்மா அப்படிச் சிரிப்பதை வீட்டின் வேறு எந்தப் பக்கத்திலும் நான் கண்டதில்லை. ஐயா வரும் நேரமானால் அம்மா ஒரு பழைய கிடுகை இழுத்துப் பொட்டை மறைத்துவிடுவார். அப்படி ஒன்று இருப்பது ஐயாவுக்குத் தெரியாது என்பதுதான் எங்கள் எல்லோருடைய எண்ணமும்.

வேலி பார்க்க வருகிற நாளுக்கு முதல்நாள் மத்தியானம் நான் அந்தப் பொட்டை அடைத்தேன்.

அம்மா குசினியில் இருந்தார். எங்கள் பக்கத்தில் நின்று கட்டினால் கண்டுவிடுவார், கண்டால் விடமாட்டார் என்று எனக்குத் தெரியும். இதை நான் மறைக்க விரும்பவில்லை. அடைக்கக் கூடாத இடம் என்று தெரிந்தேதான் அடைத்தேன். ஏன் கூடாது என்பது மட்டும் அரைகுறையாகத் தெரிந்திருந்தது. அந்த வருடம் வேலி அடைத்ததில் மிஞ்சிய புதுக்கிடுகில் இரண்டையும் தும்புக்கயிறையும் எடுத்துக்கொண்டு பொட்டுக்குள்ளால் சின்னம்மா வீட்டு வளவுக்குள் நுழைந்தேன். சின்னம்மா உள்ளே படுத்திருந்தார். அந்தப் பக்கத்தில் இருந்தபடியே கிடுகை வைத்து, வேலி அடைக்கிறவர்கள் செய்வதைப் பார்த்துப் பழகியபடி இறுக்கிக் கட்டினேன். எல்லா முடிச்சும் சின்னம்மா வீட்டுப் பக்கம் விழுந்தது. பிறகு அவர்களுடைய படலையால் வெளியேறித் தெருவைச் சுற்றி வீட்டுக்கு வந்து கை கழுவினேன்.

மறுநாள் மாஸ்ரர் இன்னும் சிலரோடு வந்தார். எங்கள் வேலியை நீளத்துக்கும் நடந்து பார்த்தார்கள்.

"கச்சேரிக்காரற்றை வேலிக்குள்ளாலை எறும்பும் பூராது," என்றார் ஒருவர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் தகப்பனாரின் பெயரை நானே பலகையில் எழுதினேன். 'ஒரு பொட்டும் இன்றி முற்றாக அடைக்கப்பட்ட வேலி' என்று மாஸ்ரர் சொன்னார். அதைப் பெரிதாக எழுதினேன். எழுதி முடித்து வாங்கை விட்டு இறங்கும்போது சித்தப்பா சைக்கிளை நிறுத்தினார். ஒரு காலை நிலத்தில் ஊன்றி, மேலிருந்து கீழாக ஆறுதலாக வாசித்தார்.

"உன்ரை எழுத்தோ?"

"ஓம் சித்தப்பா."

"வடிவாயிருக்கு," என்றார். சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார். பாராட்டினார் என்று நினைத்தேன். பெரியவர்களின் கோபம் பிள்ளைகளோடு இல்லை என்று அம்மா சொல்லுவது உண்மைதான் என்றும் நினைத்தேன்.

அதற்கு முன்பே வீட்டுக்குள் சில மாற்றங்கள் தொடங்கியிருந்தன. வாசிகசாலைக்காரர் வந்துபோன அன்று மாலை ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குசினிப் பின்புறம் போனார். அடைத்த இடத்தைக் கையால் தடவினார். கதியாலின் இடுக்கால் விரலை விட்டு முடிச்சைத் தேடினார். அது அந்தப் பக்கம் இருந்தது. திரும்பி வந்து கிணற்றடியில் நெடுநேரம் கால் கழுவினார். அன்று சோற்றைப் பிசைந்தாரே தவிர அதிகம் உண்ணவில்லை.

மறுநாள் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, உந்த வேலியடியிலை ஆரும் நிண்டதைக் கண்டனியோ?"

"இல்லையம்மா."

"சித்தப்பா நிண்டவரோ?"

"தெரியாது."

அம்மா மேலே கேட்கவில்லை. இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் இரண்டு அடி கிடைத்திருக்கும், பொட்டும் திரும்பக் கிடைத்திருக்கும். அடிக்குப் பயந்தேன். பலகையிலிருந்து பெயரை அழிக்கச் சொல்லிவிடுவார்களோ என்று அதைவிடப் பயந்தேன்.

இல்லாதது போல எல்லோரும் நடித்த ஒரு பொட்டை, ஏன் அடைத்தாய் என்று யாரும் யாரிடமும் கேட்க முடியாது. அந்த வீட்டார் பலகையை வாசித்து எங்கள் ஐயா அடைத்தார் என்று முடிவு செய்தார்கள், அதுவும் தங்கள் வளவுக்குள் ஆள் விட்டு. எங்கள் வீட்டார் முடிச்சைப் பார்த்து சித்தப்பா அடைத்தார் என்று முடிவு செய்தார்கள். மாரி பெய்தது. அந்த வருடம் நல்ல மழை. கிணற்றுக்குள் வெள்ளம் இறங்கவில்லை, விறகு நனையவில்லை.

தை பிறந்த பிறகு சித்தப்பாவுக்கு மட்டக்களப்புக்கு இடமாற்றம் வந்தது. முன்பும் ஒரு தடவை வெளியூரில் வேலை வந்தபோது அவர் தனியே போனார். சின்னம்மா பிள்ளைகளோடு இங்கேயே இருந்தார், பக்கத்தில் அக்கா இருக்கிறா என்ற துணிவில். இம்முறை குடும்பத்தோடு போனார்கள். சாமான் ஏற்றிய லொறி எங்கள் படலையைத் தாண்டும்போது அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். துருவி முடிந்த பிறகும் துருவுபலகையை விட்டு எழும்பவில்லை.

அதன்பின் அவர்கள் சந்தித்ததெல்லாம் கலியாண வீடுகளிலும் செத்த வீடுகளிலும்தான். ஒருமுறை ஒரு சபையில் அம்மா தன் தங்கையை, "வாங்கோ, இருங்கோ, எப்ப வந்தனீங்கள்?" என்று வரவேற்றதைக் கேட்டேன். எடியேய் என்று கூப்பிட்ட வாய். சின்னம்மாவும், "இருக்கிறம், நீங்கள் சுகமோ?" என்றார். பிறகு இருவரும் வேறு வேறு ஆட்களோடு கதைக்கத் தொடங்கினார்கள்.

நான் வேலைக்குப் போய்ச் சில வருடங்களான பின், ஒரு விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது ஐயா வேலியைப் பிடுங்கிவிட்டு மதில் கட்டிக்கொண்டிருந்தார். ஊரே மதிலுக்கு மாறிக்கொண்டிருந்த காலம். அடுத்த வீட்டில் வாடகைக்கு வேறு யாரோ இருந்தார்கள். மேசன் நூல் பிடித்துக்கொண்டிருக்க, ஐயா விறகு மூலைக்கு அருகில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"உதிலை முந்தி ஒரு பொட்டு இருந்தது. தெரியுமோ உனக்கு?"

"ஓம் ஐயா."

"வேலி அடைக்க வாறவனுக்கு ஒவ்வொரு வருசமும் நான்தான் சொல்லுறனான், உதை விட்டிட்டு அடை எண்டு. அங்காலை அவனும் அப்பிடித்தான் சொல்லியிருக்கிறான். எனக்குத் தெரியாதெண்டு கொம்மா நினைச்சுக்கொண்டிருந்தவ. ஆற்றை சொதி எண்டு வாயிலை வைச்சாத் தெரியாதே?" சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "இன்னும் கொஞ்சக் காலம் போயிருந்தால் நாங்களும் உதாலைதான் கதைச்சிருப்பம். என்ன கோபமோ, அடைச்சுப்போட்டான்."

எனக்கு அப்போது மீசை இருந்தது, சம்பளம் இருந்தது. அடிக்கப் போகிறவர் யாரும் இல்லை. அப்போதும் நான் சொல்லவில்லை. சித்தப்பா மீது அந்தப் பழியை வைத்துக்கொண்டே ஐயா போய்ச் சேர்ந்தார். அவருக்குப் பின் அம்மா. சின்னம்மாவிடமாவது சொல்லலாம் என்று மட்டக்களப்புக்குப் புறப்பட ஒவ்வொரு வருடமும் நினைத்தேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே அந்த வீட்டிலிருந்தும் தந்தி வந்துவிட்டது. இன்று எழுதுகிறேன். வாசிக்க வேண்டியவர்கள் ஒருவரும் இல்லை.

பொட்டை அடைத்த அன்று பின்னேரம், ஐயா வேலையால் வருவதற்கு முன் நடந்த ஒன்று எஞ்சியிருக்கிறது.

நான் கிணற்றடிக் கொய்யாமரத்தில் ஏறி இருந்தேன். அங்கிருந்து இரண்டு வளவும் தெரியும். வழக்கமான நேரத்துக்கு அம்மா மூடிய சட்டியோடு வேலியடிக்கு வந்தார். புதுக்கிடுகைக் கண்டு நின்றார். அதே நேரம் அந்தப் பக்கத்தில் சின்னம்மாவும் கையில் எதையோ ஏந்திக்கொண்டு வந்து நின்றார். இருவருக்கும் நடுவில் ஒரு கிடுகின் கனம்தான். அம்மா கிடுகைத் தட்டுவதற்குக் கை தூக்கினார். பிறகு கையைக் கீழே விட்டார். சின்னம்மா காதை வேலிப் பக்கம் சாய்த்துக்கொண்டு நின்றார். மற்றவர் அங்கே நிற்பது இருவருக்கும் தெரியவில்லை. கூப்பிட்டால் பதில் வராதோ என்று இருவருமே பயந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, ஏறக்குறைய ஒரே கணத்தில், இருவரும் தத்தம் குசினியை நோக்கித் திரும்பினார்கள்.

மரத்தில் இருந்த எனக்கு மட்டும் இருவரையும் தெரிந்தது. இவ்வளவு கிட்ட நின்றும் ஒருவரையொருவர் காணவில்லையே, வேலியை நன்றாகத்தான் அடைத்திருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டு கொய்யாக்காயைக் கடித்தேன்.