மூடி போட்டு எடுத்த படம்

இன்று காலை காலி வீதியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். புலிகளின் பிளேன் கொழும்புக்கு வந்துபோனதிலிருந்து இப்படித்தான். என் பையில் கமரா.

நேற்றிரவு வெள்ளவத்தை பிளாட் மாடியிலிருந்து, ஷட்டரை முப்பது செக்கன் திறந்துவைத்து எடுத்த கடல் படத்தை ஆமிக்காரர் உற்றுப் பார்த்தார். கறுப்பு வானத்தில் நான்கு சிவப்புப் புள்ளிகள்.

"இது என்ன, பிளேனா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

கமராவின் சென்சர் சூடானால் தானாக விழும் புள்ளிகள் என்றேன். என் சிங்களத்தில் அது எனக்கே பொய்யாகத்தான் கேட்டது.

கடைசியில், லென்ஸை மூடிவிட்டு அதே முப்பது செக்கன் எடுத்துக் காட்டுவதாகச் சொன்னேன். தலையாட்டினார்.

வரிசையில் பின்னால் நின்ற அன்ரிக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, மூடியைப் போட்டுக்கொண்டு என்னத்தை எடுக்கிறீர்? பஸ் நிக்குதெல்லோ!"

படம் வந்தது. கும்மிருட்டு. அதே இடங்களில் அதே நான்கு புள்ளிகள். ஆமிக்காரர் சிரித்தே விட்டார். "ஹரி, ஹரி" (சரி, சரி) என்று கமராவைத் தந்து பஸ்ஸைக் காட்டினார்.

வீட்டுக்கு வந்து, அந்தக் கறுப்புப் படத்தை வைத்தே கடல் படத்திலிருந்த புள்ளிகளைக் கொம்பியூட்டரில் கழித்தேன். வானம் இப்போது துப்புரவு.

செக் பொயின்டில் நின்று படம் எடுத்து, கமராவோடு வீடு திரும்பிய தமிழர் வேறு யாராவது இருந்தால் கையை உயர்த்துங்கள்.