கதவுச் சீலைக்குப் பின்னால் இங்கிலீசு

எங்கள் ஊரில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அப்படிக் கல்முனையில் எங்கள் வளவுக்கு வந்தவர்தான் என் கணவர். வந்து இரண்டு வருடமாகியும் உம்மா அவரோடு ஒரு வார்த்தை நேரே கதைத்ததில்லை. கோபமெல்லாம் கிடையாது, அந்தக் காலத்து வெட்கம். அறை வாசலில் தொங்கிய சீலைக்குப் பின்னால் நின்று, "மருமகனுக்குத் தேத்தண்ணி வேணுமா எண்டு கேளு புள்ள" என்பார். மூன்றடி தள்ளி இருப்பவருக்கு அது கேட்காதா? நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் கேட்டு, அவர் என்னிடம் "ஓம்" சொல்லி, அதை நான் உள்ளே கொண்டுபோக வேண்டும். சம்பளமில்லாத தபால்காரி வேலை எனக்கு.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஊர் ஆண்கள் ஒவ்வொருவராகச் சவூதிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வாப்பாவின் வயலில் வேலை செய்து மாமியார் வீட்டுச் சோறு தின்கிறோம் என்ற எண்ணம் இவரை உள்ளுக்குள் அரித்தது. கொழும்பில் ஓர் ஏஜென்சி சவூதியில் ஸ்டோர் கீப்பர் வேலைக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டதும் துள்ளிக்கொண்டு வந்தார். நேர்முகம் ஆங்கிலத்தில். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும்; அந்தப் பெருமை இன்றைக்கும் குறையவில்லை. அவர் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்ததும் விறாந்தையில் என் பழைய இலக்கணப் புத்தகத்தை விரிப்போம்.

செயப்பாட்டு வினை அவருக்குப் பிடித்துப்போயிற்று. "த பேடி ஹேஸ் பீன் கட்", நெல் வெட்டப்பட்டுவிட்டது என்று வயலில் நின்றும் சொல்லிப் பார்ப்பாராம். "இஃப்" வந்தால்தான் தொல்லை. கண்ணை மூடி "இஃப் இட் ரெய்ன்ஸ்" என்று தொடங்குவார், மழை பெய்தால் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நிற்பார். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

எதைக் கேட்டாலும் "யெஸ்" என்று ஒற்றைச் சொல்லோடு முடிக்கப் பார்ப்பார். நான் விடமாட்டேன், முழு வாக்கியம் வேண்டும். அதற்காகவே ஒவ்வொரு நாளும் பாடத்தை ஒரே கேள்வியில் தொடங்கினேன்: "ஹேவ் யூ ஈட்டன்?" சாப்பிட்டாயிற்றா என்று எங்கள் ஊரில் யாரைக் கண்டாலும் கேட்கிற அதே கேள்விதான். ஆம் என்றும் இல்லை என்றும் இரண்டு விதமாகவும் அவர் பதில் சொல்ல வேண்டும்.

பாடம் தொடங்கியதும் சீலைக்குப் பின்னால் உம்மா அரிசி புடைக்கும் சுளகுச் சத்தம் நின்றுவிடும். பிறகு அடுப்படியில் எனக்குத் திட்டு விழும். "புரிசன இப்பிடியா அதட்டுற? சாப்பிட்டா எண்டு கேக்கிறதுக்கு இவ்வளவு பாடா?"

அவர் கொழும்புக்குப் போனார். மூன்றாம் நாள் பகல், முகம் கறுத்துத் திரும்பி வந்தார். வீட்டுக்குள் ஏறவில்லை. கையில் பையோடு படியிலேயே நின்றார்.

"நான் வாயத் தொறக்கல்ல புள்ள. எல்லாம் தெரிஞ்சும் ஒண்டும் வரல்ல" என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "கொஞ்ச நாளைக்கு எங்கட உம்மாட ஊட்ட போய் இரிக்கப்போறன்" என்றார்.

எங்கள் ஊரில் மாப்பிள்ளை பையோடு தன் தாய் வீட்டுக்குப் போனால், அடுத்த தொழுகைக்கு முன் கல்யாணம் முறிந்தது என்று தெரு முழுக்கக் கதை பரவிவிடும். போனவர் திரும்பி வரவும் வெட்கப்படுவார். "போகாதீங்க மச்சான்" என்று சொல்லக்கூட எனக்கு நா எழவில்லை. அவரை அதட்டி அதட்டிப் பேச வைத்த என் வாய்க்கு அன்று என்ன வந்ததோ! அவர் திரும்பிப் படியிறங்கினார்.

அப்போது சீலை விலகியது. உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசல்வரை வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. "கேளு புள்ள" என்று சொல்லவும் இல்லை.

"மருமகன்" என்றார். "ஹேவ் யூ ஈட்டன்?"

அவர் நின்றுவிட்டார். திரும்பி உம்மாவைப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது. ஒற்றைச் சொல்லில் முடிக்கவில்லை.

"நோ மாமி. ஐ ஹேவ் நாட் ஈட்டன் யெட்."

"அப்ப உள்ளுக்கு வாங்க" என்றார் உம்மா.

அவர் கிணற்றடிக்குக் கைகழுவப் போனார். நான் பையை வாங்கி உள்ளே வைத்தேன். அன்று சோறு போட்டது உம்மாதான்.