சீர்த்தட்டில் ஒட்டிய அவ்ரோ

எழிலரசி அக்கா செய்த விமானத்தைச் சீர்த்தட்டில் வைத்து ஹாட் க்ளூவால் ஒட்டிவிட்டார்கள். நடந்தது இதுதான். கேட்கிறவர்கள் எல்லாரும் "அவ்ளோதானா?" என்கிறார்கள். அவ்வளவுதான் என்று நினைக்கிறவர்களுக்காகவே முழுசாக எழுதுகிறேன்.

அக்காவுக்கு முப்பத்தெட்டு வயது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் அண்ணன் கதிர்வேல் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருக்கிறார். கல்யாணம் வேண்டாம் என்று ஒருமுறை சொன்னார், அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தினமும் பஸ் பிடித்துச் சிதம்பரம் வந்து ஒரு பல் லேப்பில் வேலை பார்க்கிறார். போன வருஷம் நானும் அங்கே சேர்ந்தேன். டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். பல் செட், கேப், கம்பி கழற்றியபின் மாட்டுகிற ரிடெய்னர் எல்லாம் நாங்கள் செய்து அனுப்புவோம். அக்கா செய்த பல்லோடு அண்ணாமலை நகரில் எத்தனையோ பேர் சிரித்துக்கொண்டு போகிறார்கள், யார் செய்தது என்று ஒருவருக்கும் தெரியாது. அதற்கு அக்கா வருத்தப்பட்டதே இல்லை. "அது வேல, சம்பளம் குடுக்குறாங்க, முடிஞ்சிது" என்பார்.

விமானம் வேலை இல்லை. விமானம் அவருடையது.

ரிடெய்னர் செய்ய எங்களிடம் ஒரு சின்ன வேக்யூம் மெஷின் இருக்கிறது. மேலே பிளாஸ்டிக் ஷீட்டைச் சூடாக்க வேண்டும். அது இளகித் தொங்க ஆரம்பித்ததும் கீழே இருக்கிற அச்சின் மேல் இறக்க வேண்டும். மெஷின் காற்றை உறிஞ்சும், ஷீட் அச்சோடு ஒட்டி அதே வடிவமாகிவிடும். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அக்கா ஃபோனில் ஒரு வீடியோ பார்த்தாராம். வெளிநாட்டுக்காரர் ஒருவர் இதே முறையில் அடித்த வெள்ளை ஷீட்டிலிருந்து விமானத்தைப் பாதி பாதியாக வெட்டி எடுத்து, ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்து ஒட்டிக்கொண்டிருந்தார். இது நம்ம மெஷின்தானே என்று அக்காவுக்குத் தோன்றியிருக்கிறது. அவ்வளவுதான் ஆரம்பம். சின்ன வயசுக் கனவு, அப்பா காட்டிய வானம் என்று எதுவும் கிடையாது. நான் துருவித் துருவிக் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

இங்கிலாந்திலிருந்து ஒரு கிட் வரவழைத்தார். அவ்ரோ 748, இரண்டு விசிறி என்ஜின் வைத்த பழைய பயணிகள் விமானம். எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு, இறக்கை கிட்டத்தட்ட ஒரு முழம் வரும். கிட் என்றால் அட்டைப் பெட்டியில் உதிரி உதிரியாக எல்லாம் இருக்கும் என்று நினைக்காதீர்கள். நாலைந்து வெள்ளை ஷீட், அதில் புடைத்துக்கொண்டு பாதி உடம்பு, பாதி இறக்கை. சக்கரம் கிடையாது, விசிறி கிடையாது, ஜன்னல் கிடையாது. இருக்கிறதும் சரியில்லை. மூக்கு கூராகப் போயிருந்தது, என்ஜின் கூடு மெலிந்திருந்தது. பழைய போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதே அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டதாம். தப்பான கடைவாய்ப் பல்லைப் பார்த்தால் எப்படிக் கோபப்படுவாரோ அப்படி.

மூக்கை வெட்டி எறிந்தார். பல் அச்சு வார்க்கிற ஸ்டோன் என்கிற கெட்டி மாவில் சரியான மூக்கைச் செதுக்கி, அதன்மேல் ஷீட்டை இழுத்தார். என்ஜின் கூடுகளையும் அப்படியே. தகட்டுக் கோடுகளைப் பல் காரை சுரண்டுகிற கருவியால் கீறினார். இடுக்குகளை ஈறு செய்கிற ரோஸ் நிற அக்ரிலிக்கால் அடைத்தார். முன் கண்ணாடி, ரிடெய்னர் ஷீட். லேப் மூடியபிறகு ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமைகளில் அரை நாள் என்று இரண்டு வருஷத்துக்கு மேல் போனது. வெள்ளை உடம்பு, ஆரஞ்சு வால். முடித்து அவர் மேஜையில் வைத்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதில் ஏறி உட்காரலாம் போல இருந்தது.

பெங்களூரில் மாடல் செய்கிறவர்கள் கூடுகிற ஒரு கண்காட்சிக்கு அக்கா பெயர் கொடுத்தார். இந்த வேலை தெரிந்த ஒரு ஆள்கூட அதுவரை அந்த விமானத்தைப் பார்த்ததில்லை. மூக்கு மாறியிருக்கிறது என்று தானாகக் கண்டுபிடிக்கிற ஒருவராவது பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பீரோ மேல் ஒரு பெட்டிக்குள் வைத்திருந்தார். வீட்டில் அதற்குப் பெயர் பொம்மை.

கண்காட்சி சனிக்கிழமை. அதற்கு முந்தின ஞாயிறு, அக்காவின் அக்கா லோகநாயகியின் மகள் சுவேதாவுக்கு மஞ்சள் நீராட்டு விழா. லோகநாயகியைக் கட்டிக்கொடுத்தது பெண்ணாடத்தில், கரும்பு போடுகிற பெரிய குடும்பம். கதிர்வேல் தாய்மாமன், சீர் அவருடையது. மனுஷர் ஒரு மாசமாகத் தூங்கவில்லை. சீர் கம்மி என்று சம்பந்திப் பக்கம் வாய் திறந்துவிடக் கூடாது என்பது ஒன்றே அவர் கவலை. அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. அதற்காக அவர் செய்தது புரியவில்லை, புரியவும் வேண்டாம்.

என்னையும் அழைத்திருந்தார்கள், தட்டு தூக்கப் போனேன். கடலூரில் மண்டபம். தெருமுனைப் பிள்ளையார் கோயிலிலிருந்து பேண்டு செட்டோடு ஊர்வலம். அலங்காரக்காரர் வேனிலிருந்து நேராகத் தட்டுகள் இறங்கின, மொத்தம் ஐம்பத்தொன்று. சீர்த்தட்டு எப்போதும் ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும். அக்கா முன்வரிசையில் மஞ்சள் குங்குமத் தட்டோடு நின்றார். எனக்கு வளையல் தட்டு. எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மா வைத்திருந்த தட்டில் கண்ணாடித் தாளுக்குள் ஆரஞ்சு வால் தெரிந்தது.

குனிந்து பார்த்தேன். இறக்கை நெடுக முத்து ஒட்டியிருந்தார்கள். வாலில் ரிப்பன். மூக்கில், அந்த மூக்கில், ஒரு ஜிகினா ரோஜா.

முன்னால் ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவர் திரும்பிப் பார்த்தார்.  அண்ணனைக் கூப்பிட்டு என்ன இது என்று மெதுவாகத்தான் கேட்டார். முந்தின நாள் அவர் வேலைக்குப் போயிருந்தபோது பெட்டியிலிருந்து எடுத்து அலங்காரக்காரரிடம் கொடுத்திருக்கிறார் கதிர்வேல்.

"ஒரு நாளைக்கித்தான எழிலு. சாயங்காலம் எடுத்துக்க. தேஞ்சா பூடப் போவுது?"

"எதுல ஒட்டியிருக்காங்க?"

"எனக்கு என்னா தெரியும், பசைலதான் ஒட்டுவாங்க. நட, மேளம் நிக்கிது பாரு."

அக்கா நடந்தார். சுவேதாவின் நாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தட்டை மேடையில் கொண்டுபோய் வைத்தார். அத்தோடு விட்டிருந்தால் சாயங்காலம்வரை பொறுத்திருப்பார். நிச்சயமாகச் சொல்வேன்.

சுவேதாவின் பெரிய தாத்தா முறையில் ஒருவர், கண்ணாயிரம். சம்பந்திப் பக்கத்தில் அவர் சொல்தான் சொல். தட்டுகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தவர் விமானத்திடம் நின்றுவிட்டார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கதிர்வேலிடம் கேட்டார்.

"ஏம்பா, இத எங்க புடிச்ச? அசலு மாரியே இருக்குது."

கதிர்வேல் இரண்டு வருஷம் சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"சிங்கப்பூர்ல இருந்தப்ப வாங்குனது மாமா. அங்கல்லாம் இதுக்குன்னே கடை இருக்கு."

அக்கா ஐந்தடி தள்ளி நின்றிருந்தார்.  இரண்டு வருஷம்! ஒரு நொடியில் அதைக் கடையில் வாங்கிவிட்டார் அந்த மனுஷர். வீட்டில் பொம்மை, சபையில் சிங்கப்பூர் சாமான். நடுவில் செய்தவர் எங்கே?

அக்கா போய் விமானத் தட்டில் கை வைத்தார்.

"எழிலு, வை. சபையில அசிங்கம் பண்ணாத," என்றார் கதிர்வேல், சிரித்த முகத்தை மாற்றாமல்.

"நான் செஞ்சன்னு மாமாகிட்ட சொல்லு. வச்சிட்டுப் போறன்."

கதிர்வேல் கூட்டத்தைப் பார்த்தார். கண்ணாயிரம் அதற்குள் பழத்தட்டுப் பக்கம் நகர்ந்திருந்தார். கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அப்புறம் பேசிக்கலாம் என்றார் கதிர்வேல்.

அக்கா தட்டைத் தூக்கிவிட்டார்.

பதறிக்கொண்டு ஓடிவந்தது லோகநாயகி. தங்கச்சி செய்ததைத் தம்பி கடையில் வாங்கியதாகச் சொன்னானே என்று பதறினாரா? இல்லை.

"அடியே, அம்பது ஆயிடுச்சிடி. ரெட்டப்பட ஆவக்கூடாதுடி. வைடி கீழ."

 அக்கா திரும்பிப் போய்க் கைக்கெட்டிய இன்னொரு தட்டை எடுத்து என் கையில் வைத்தார். கோபுரம் மாதிரி சாக்லேட் அடுக்கிய தட்டு.

"சிந்து, புடி. இப்ப நாப்பத்தொம்பது. நல்லா இருங்க."

பட்டுப்புடவையோடு அவர் முன்னால் நடக்க, நான் சாக்லேட் கோபுரத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். பேண்டு செட்டுக்காரர்கள் வழிவிட்டார்கள். சிதம்பரம் பஸ்ஸில் கண்டக்டர் எந்த ஊரு சீரும்மா என்று கேட்டார்.  அக்கா தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆலப்பாக்கம் தாண்டுகிறவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

லேப் சாவி அவரிடம் இருந்தது. முத்தும் ரிப்பனும் ரோஜாவும் லேசான பசைதான், விரலாலேயே வந்துவிட்டன. அடியில் ஸ்பிரிட் ஊற்றி ஊற்றி க்ளூவை விடுவித்தோம். விமானம் தட்டிலிருந்து வந்துவிட்டது, ஆனால் பெயின்ட்டும் கூடவே வந்தது. அடியில் ரோஸ் கலர் தெரிந்தது, தோல் உரிந்த ஈறு மாதிரி. அதைவிட மோசம் வயிறு. வேக்யூமில் இழுத்த பிளாஸ்டிக் மெல்லிசு. சுடச்சுட க்ளூ பட்டதும் இளகி உள்ளே குழிந்து, ஒரு இடத்தில் ஓட்டையே விழுந்திருந்தது. மூக்குக்கும் என்ஜினுக்கும் அச்சு இருக்கிறது, வயிற்றுக்கு இல்லை. அது கிட்டோடு வந்தது. நான் அழுதுவிட்டேன். அக்கா அழவில்லை. கதிர்வேல் என்ற பெயரைச் சொல்லாமல் அவரை என்னென்ன சொல்ல முடியுமோ எல்லாம் சொன்னார்.

பிறகு மெழுகை உருக்கினார். குழிந்த வயிற்றில் ஊற்றி, தேய்ந்த பல்லை மேடேற்றுகிற மாதிரி, போட்டோவைப் பார்த்துப் பார்த்துச் சரியான வடிவத்துக்குக் கொண்டுவந்தார். அதன்மேல் பல் அளவெடுக்கிற மாவைக் குழைத்து அப்பி அச்செடுத்து, அந்த அச்சில் ஸ்டோன் ஊற்றி, மறுநாள் அதன்மேல் ஷீட்டை இழுத்தார். முதல் ஷீட் மடிப்பு விழுந்தது. அடுத்தது மூலையில் கிழிந்தது. விடாமல் இழுத்தார். வியாழக்கிழமை புது வயிறு பொருந்தியது. இரண்டு பக்கமும் ரோஸ் அக்ரிலிக் கோடு, நடுவே வெறும் வெள்ளை பிளாஸ்டிக்.

அந்த வாரம் முழுக்க ஃபோன். எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். சனிக்கிழமை பெண்ணாடத்தில் விருந்து, அக்கா வந்து சம்பந்தி வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அக்கா கேட்க வேண்டும்! அண்ணன் கேட்க வேண்டும் என்று ஒரு வாய், ஒரே ஒரு வாய் சொல்லவில்லை. கதிர்வேல் லேப்புக்கே வந்தார். சனிக்கிழமை வராவிட்டால் அந்தப் பொம்மையோடேயே எங்காவது இருந்துகொள் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா உப்புத்தாளில் தேய்ப்பதை நிறுத்தவில்லை. கதிர்வேல் போனபிறகுதான் தாளைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார்.  அது அவர் பிறந்த வீடு. வேறு வீடு அவருக்குக் கிடையாது.

சுவேதா மட்டும் வேறு விஷயத்துக்காகக் கூப்பிட்டாள். ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது.

"சித்தி, நீ தூக்கிட்டுப் போனது எனக்குப் புடிச்ச சாக்லேட் தட்டு. மைசூர்பா தட்ட தூக்கியிருக்கலாம்ல?"

அந்த வாரத்தில் அக்கா சிரித்தது அப்போதுதான்.

வெள்ளிக்கிழமை ஒரு கோட் பெயின்ட் அடிக்க நேரம் இருந்தது. அடிக்கலாம் அக்கா என்று கெஞ்சினேன். கெடக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் பெங்களூர் பஸ் ஏறினோம்.

கண்காட்சி ஒரு பள்ளிக்கூட ஹாலில். மேஜை மேல் கறுப்புத் துணி, அதன்மேல் வரிசையாக விமானங்கள், கப்பல்கள், டாங்கிகள். அக்கா பையிலிருந்து ஒரு முகம் பார்க்கிற கண்ணாடியை எடுத்துத் துணிமேல் போட்டு, அதன்மேல் அவ்ரோவை நிறுத்தினார். மேலே பார்த்தால் மின்னுகிற விமானம். கண்ணாடியில் பார்த்தால் வெள்ளை வயிறும் ரோஸ் தழும்பும். முன்னால் ஒரு அட்டையில் தன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்தார். எழிலரசி, கடலூர். நான் எடுத்த போட்டோவைக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டார். எதுவும் எழுதவில்லை.

பெண்ணாடத்தில் அந்நேரம் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் ஃபோன் வந்தது, லோகநாயகி பெயரில். எடுத்தால் கண்ணாயிரம் குரல், ஒட்டி நின்ற எனக்கும் கேட்டது.

"ஏம்மா, இந்த பிளேனு நீ செஞ்சதா?"

"ஆமா மாமா. நான்தான் செஞ்சன்."

"கதிரு வேற மாரி சொன்னானே. அடியில ஏன் வெள்ளையா கெடக்குது?"

அக்கா சொன்னார். பீரோவிலிருந்து எடுத்தது, க்ளூ, ஓட்டை, மெழுகு எல்லாம். ஹாலில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னார். அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றுபோனது எனக்கே கேட்டது. கதிர்வேல் இங்கேதான் இருக்கிறான், நான் கேட்கிறேன் என்றார் கண்ணாயிரம்.

"கேளுங்க மாமா. தனியா கூப்ட்டு கேக்காதீங்க. எல்லாரு எதிர்லயும் கேளுங்க. நான் லைன்லயே இருக்கன்."

ஃபோனைக் காதிலேயே வைத்துக்கொண்டு அக்கா நின்றார். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர் குனிந்து விமானத்தின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார், ஏதோ கேட்க வாயெடுத்தார். அக்கா அவரைப் பார்த்துக் கையை உயர்த்தி, கொஞ்சம் பொறுங்கள் என்று சைகை காட்டினார்.